இமேஜ்மேஜிக்கில் மூன்று சேனல்களைச் சேர்த்தால் படம் ஏன் பச்சையடித்து இருண்டு வருகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களை நுண்ணோக்கியில் மூன்று தடவை படம் எடுத்திருக்கிறீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று டிஃப் கோப்புகள் கையில் இருக்கின்றன. கட்டளைகளால் படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் கம்பைன் கட்டளை கொடுத்தால் ஒரே வண்ணப் படமாகிவிடும் என்று படித்துச் செய்து பார்த்தீர்கள். படம் இருண்டு, பச்சையடித்து வந்தது. கோப்புகளின் வரிசையை மாற்றினால் வேறு நிறம் அடிக்கிறதே தவிர இருட்டு போகவில்லை. கூடவே, பின்னணி தெரியாமல் போக நான்காவது சேனல் ஒன்றை எப்படிச் சேர்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். டெர்மினலில் அதே சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கோப்புப் பெயர் மட்டும் தமிழில் இருந்தாலும் ஓடும்.

நீங்கள் கொடுத்த கட்டளை இதுதான்:

மேஜிக் சிவப்பு.டிஃப் பச்சை.டிஃப் நீலம்.டிஃப் -கம்பைன் வண்ணம்.பிஎன்ஜி

கட்டளையில் ஒரு தவறும் இல்லை. தவறு கோப்புகளில் இருக்கிறது. நுண்ணோக்கி மென்பொருள் சேமிக்கும்போதே உங்கள் மூன்று படங்களுக்கும் நிறம் பூசிவிட்டது என்று ஊகிக்கிறேன். சிவப்பு.டிஃப் கோப்பைத் திறந்தால் கறுப்புப் பின்னணியில் சிவப்பாக ஒளிரும் செல்கள் தெரிகின்றன, இல்லையா? அதுதான் சிக்கல். கம்பைனுக்குக் கொடுக்கும் படம் சிவப்பாக இருக்கக் கூடாது, சாம்பல் படமாக இருக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் தானாகத் தெளியும். சேனல் என்பது எண்களின் தாள். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு எண், அவ்வளவுதான். அந்தத் தாளுக்கென்று நிறம் எதுவும் கிடையாது. எந்த இடத்தில் வைக்கிறோமோ அந்த இடத்தின் நிறத்தை அது எடுத்துக்கொள்கிறது. கம்பைன் செய்வதும் இதைத்தான்: முதல் கோப்பின் வெளிச்ச அளவுகளை எடுத்துச் சிவப்பு இடத்தில் வைக்கும், இரண்டாவதைப் பச்சை இடத்தில், மூன்றாவதை நீல இடத்தில். கோப்பின் பெயரையோ அதில் தெரியும் நிறத்தையோ அது பார்ப்பதில்லை.

வண்ணப் படம் ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் அதன் வெளிச்ச அளவைக் கணக்கிடும். நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் தெரிவதால், அந்தக் கணக்கில் சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்று எடை வைத்திருக்கிறார்கள். 8 பிட் படத்தில் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை போகும். முழுச் சிவப்பான 255 இந்தக் கணக்கில் 54 ஆகிவிடும். முழுப் பச்சை 182 ஆகும். முழு நீலம் வெறும் 18. இப்போது உங்கள் படத்தைப் பாருங்கள்: சிவப்பு ஐந்தில் ஒரு பங்காகவும் நீலம் பதினான்கில் ஒரு பங்காகவும் சுருங்கிப்போக, பச்சை மட்டும் ஓரளவு தப்பியிருக்கிறது. பச்சையடித்து இருண்டு வந்ததற்கு இதுதான் காரணம். வரிசையை மாற்றியபோது அந்தத் தப்பிய படம் வேறு இடத்துக்குப் போனது, அதனால் வேறு நிறம் அடித்தது.

ஊகம் சரியா என்று பார்த்துவிடுங்கள். மேஜிக் ஐடென்டிஃபை சிவப்பு.டிஃப் என்று கொடுத்தால் ஒரே வரியில் பதில் வரும். அதில் கிரே என்று இருந்தால் கோப்பு நல்ல சாம்பல் படம். எஸ்ஆர்ஜிபி, அதாவது வண்ணப் படம், என்று இருந்தால் பெரும்பாலும் நிறம் பூசியது.

நிறம் பூசிய படம் என்றால் அதற்குரிய சேனலை மட்டும் முதலில் பிரித்து எடுத்து, அப்புறம் சேர்க்க வேண்டும்:

மேஜிக் ( சிவப்பு.டிஃப் -சேனல் ஆர் -செப்பரேட் +சேனல் ) ( பச்சை.டிஃப் -சேனல் ஜி -செப்பரேட் +சேனல் ) ( நீலம்.டிஃப் -சேனல் பி -செப்பரேட் +சேனல் ) -கம்பைன் வண்ணம்.பிஎன்ஜி

ஒவ்வொரு அடைப்புக்குள்ளும் கடைசியில் வரும் +சேனல் முக்கியம். அடைப்பை மூடியதும் சேனல் அமைப்பு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. விட்டுவிட்டால், கடைசியாகச் சொன்ன நீலம் மட்டுமே கம்பைன் வரை ஒட்டிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் குழப்பும். லினக்ஸிலும் மேக்கிலும் ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு போட வேண்டும். விண்டோஸின் சாதாரணக் கட்டளைச் சாளரத்தில் அது தேவையில்லை. விண்டோஸில் இன்னொன்று: பழைய வழிகாட்டிகளில் வரும் கன்வெர்ட் என்ற சொல்லைத் தட்டாதீர்கள். அங்கே அதே பெயரில் வட்டின் கோப்பு முறையை மாற்றும் கருவி ஒன்று இருக்கிறது. ஏழாம் பதிப்பிலிருந்து எல்லா வேலைக்கும் மேஜிக் என்ற ஒரே சொல் போதும்.

பிரித்து எடுக்கும் வேலையே வேண்டாம் என்றால் மூன்று படங்களையும் அப்படியே கூட்டிவிடலாம்: மேஜிக் சிவப்பு.டிஃப் பச்சை.டிஃப் நீலம்.டிஃப் -எவால்யுவேட்-சீக்வென்ஸ் ஆட் வண்ணம்.பிஎன்ஜி. சிவப்புப் படத்தில் பச்சையும் நீலமும் பூஜ்யம் என்பதால் கூட்டினாலும் சரியாகவே வரும். ஆனால் மென்பொருளிலிருந்து நிறம் பூசாத அசல் சாம்பல் படங்களையே எடுக்க முடியுமானால் அதைத்தான் செய்யச் சொல்வேன். நிறம் பூசிச் சேமித்தவை பல சமயம் 8 பிட்டாகச் சுருக்கப்பட்டிருக்கும். அதில் போன நுணுக்கம் திரும்பி வராது.

அசல் படங்களை எடுத்த பிறகும் படம் கன்னங்கரேலென்று வந்தால் பயப்பட வேண்டாம். நுண்ணோக்கிக் கேமராக்கள் பல 12 பிட் கேமராக்கள். அவற்றின் உச்ச எண் 4095. அதை 65535 வரை கொள்ளும் 16 பிட் கோப்பில் போட்டுச் சேமித்தால், மிக வெளிச்சமான பிக்சல்கூட ஆறு சதவீதத்தில் நின்றுவிடும். கம்பைனுக்குப் பின்னால் -எவால்யுவேட் மல்டிப்ளை 16 என்று சேருங்கள். இது மூன்று சேனலையும் ஒரே அளவில் பெருக்குவதால் அவற்றுக்கு இடையிலான விகிதம் கெடாது. இருண்டதைக் கறுப்பு வரையும் வெளிச்சமானதை வெள்ளை வரையும் நீட்டும் -நார்மலைஸ் போட்டால் கண்ணுக்கு இன்னும் நன்றாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே நீட்டிவிட்டால், மங்கலாக ஒளிர்ந்த சாயமும் பளிச்சென்று ஒளிர்ந்த சாயமும் ஒன்றுபோலத் தெரியும். ஆய்வுக்கான படத்தில் அப்படிச் செய்வது படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். செய்தால் படத்தின் கீழே சொல்லிவிடுங்கள்.

இரண்டே சாயம் பயன்படுத்தியிருந்தால் சிவப்பு, பச்சை ஜோடியைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். முதல் படத்தை அ, இரண்டாவதை ஆ என்று வைத்துக்கொண்டால், அ.டிஃப் ஆ.டிஃப் அ.டிஃப் என்று மூன்று இடத்தையும் நிரப்பிக் கம்பைன் கொடுங்கள். அ மெஜந்தாவாகவும் ஆ பச்சையாகவும் வரும், இரண்டும் சேரும் இடம் வெள்ளையாகும். ஒரே கோப்பை இரண்டு இடத்தில் வைப்பதற்குத் தடையே இல்லை. சேனலுக்கு நிறம் இல்லை என்றேனே, அதன் பலன் இது.

இந்தக் கருத்து நன்றாக மனதில் பதிய வேண்டுமானால் உங்கள் செல் படங்களை ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, செர்கெய் ப்ரொகூதின்-கோர்ஸ்கியின் கண்ணாடித் தகடுகளில் ஒன்றை எடுத்துப் பழகிப் பாருங்கள். நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். அவர் ரஷ்யப் பேரரசு முழுக்கச் சுற்றி, ஏறக்குறைய 1909 முதல் 1915 வரை, வண்ண ஃபிலிம் பரவாத அந்தக் காலத்தில் வண்ணத்தைப் பதிவு செய்தவர். ஒரே நீளமான கண்ணாடித் தகட்டில் நீலம், பச்சை, சிவப்பு ஃபில்டர்கள் வழியாக அடுத்தடுத்து மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். மூன்றையும் அதே நிற விளக்குகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ச்சினால் வண்ணம் தெரியும். 1948-இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அவருடைய குடும்பத்தாரிடமிருந்து இந்தச் சேகரிப்பை வாங்கியது. சுமார் 1900 தகடுகள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, யாரும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

ஸ்கேனில் மேலே நீலம், நடுவில் பச்சை, கீழே சிவப்பு. ஆகவே மூன்றாக வெட்டி, வரிசையைத் தலைகீழாக்கி, சேர்க்க வேண்டும். ஒரே வரியில் முடியும்:

மேஜிக் தகடு.டிஃப் -கிராப் 1எக்ஸ்3@ +ரீபேஜ் -ரிவர்ஸ் -கம்பைன் முதல்.பிஎன்ஜி

1எக்ஸ்3@ என்பது அகலத்தில் ஒன்று, உயரத்தில் மூன்று சம துண்டுகள் என்று பொருள். +ரீபேஜ் ஒவ்வொரு துண்டும் பழைய தகட்டில் எங்கே இருந்தது என்ற நினைவை அழிக்கிறது. -ரிவர்ஸ் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று ஒரு தடவை வேண்டுமென்றே செய்து பாருங்கள். 1911-இல் எடுத்த, மத்திய ஆசியாவின் புகாரா நாட்டை ஆண்ட அமீரின் படம் இதற்கு நல்ல உதாரணம். அவர் அணிந்திருக்கும் ஆழ்ந்த நீல அங்கி செம்பழுப்பாக மாறிவிடும், முகம் நீலம் பாரிக்கும். முகம் நீலமாக வந்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். அப்போது முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டாம். -செப்பரேட் -ஸ்வாப் 0,2 -கம்பைன் என்று கொடுத்தால் முதலும் மூன்றும் இடம் மாறும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் 0,2.

வரிசை பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாக் கோப்புகளையும் ஒரே அடியாகக் கொடுக்காதீர்கள். அது அகர வரிசையில் விரியும். ஆங்கிலத்தில் ப்ளூ, கிரீன், ரெட் என்று பெயர் வைத்திருந்தால் நீலம் முதலில் வந்து நிற்கும். தமிழில் வைத்திருந்தால் சிவப்பு, நீலம், பச்சை என்று வரும். சிவப்பு சரியான இடத்தில் இருக்க, பச்சையும் நீலமும் மாறிவிடும். இந்தத் தவறு கண்ணில் படுவது கடினம், படம் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொள்வது நல்லது.

இனி, முதல் முயற்சியில் கிடைக்கும் தகட்டுப் படம் அழகாக இருக்காது. ஓரங்களில் சிவப்பும் நீலமும் பிதுங்கி நிற்கும். மூன்று துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் நான்கு பிளேட்டுகளின் ரிஜிஸ்டர் விலகினால் காலண்டர் படத்தில் உதடு இரண்டாகத் தெரியுமே, அதே சங்கதிதான். அச்சகத்தில் பிளேட்டை நகர்த்துவார்கள், இங்கே -ரோல் கொண்டு படத்தை நகர்த்துகிறோம். ஒரு படத்தை அசையாமல் வைத்து மற்ற இரண்டையும் அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். ஜன்னல் மூலை போல ஒரு கூரான புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பில் அது இடமிருந்து 812, மேலிருந்து 640 என்ற இடத்தில் இருக்கிறது, பச்சையில் 806, 655 என்ற இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சையை வலப்பக்கம் 6, மேல்பக்கம் 15 நகர்த்த வேண்டும். அதாவது ( பச்சை.டிஃப் -ரோல் +6-15 ). ஒரு பக்கம் வெளியே போனது மறுபக்கத்தில் வந்து நிற்கும் என்பதால் கடைசியில் -ஷேவ் கொண்டு நாலு ஓரத்தையும் கொஞ்சம் சீவிவிடுங்கள்.

இரண்டு படங்களைக் கழித்துப் பார்த்தால் விலகல் தானாகத் தெரியாதா என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் முயன்றேன், பல மணி நேரம் வீணானது. சரியாகப் பொருந்தியிருந்தாலும் கழித்தால் பூஜ்யம் வராது, ஏனென்றால் சிவப்பு அங்கி சிவப்புத் தாளில் வெளுப்பாகவும் நீலத் தாளில் கறுப்பாகவும் இருப்பதுதான் இயல்பு. வெளிச்சம் மாறும், ஆனால் பொருளின் விளிம்பு மாறாது. இரண்டிலும் -எட்ஜ் 1 போட்டு விளிம்புகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் விலகல் பளிச்சென்று தெரியும். ஒரு துண்டு லேசாகச் சாய்ந்தோ சுருங்கியோ இருந்தால் ரோல் போதாது. -டிஸ்டார்ட் அஃபைன் என்று கொடுத்து மூன்று ஜோடிப் புள்ளிகளைச் சொல்ல வேண்டும். உங்கள் நுண்ணோக்கிப் படங்களுக்கும் இதே வழிதான். ஃபில்டர் மாற்றும்போது ஒன்றிரண்டு பிக்சல் நகர்வது சாதாரணம்.

எவ்வளவு பொருத்தினாலும் ஓடும் தண்ணீரில் மட்டும் வானவில் போல நிறங்கள் சிதறி நிற்கும். மூன்று படமும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல, அதற்குள் அலை நகர்ந்துவிட்டது. அதைத் திருத்த வேண்டாம் என்பது என் கருத்து. நூறு வருடத்துக்கு முன் அந்த ஆற்றங்கரையில் கழிந்த சில நொடிகள் அந்தச் சிதறலில் இருக்கின்றன.

மூன்று தாள்களைச் சேர்த்து வண்ணம் காட்டும் யோசனை இன்னும் பழையது. 1861-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஒரு கட்டம்போட்ட ரிப்பனின் மூன்று படங்களை இப்படிச் சேர்த்துக் காட்டினார். படங்களை எடுத்துக் கொடுத்தவர் தாமஸ் சட்டன். அன்றைய ரசாயனப் பூச்சுக்குச் சிவப்பு ஒளியே தெரியாது. பிறகெப்படிச் சிவப்புத் தாளில் படம் விழுந்தது? ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதா ஒளியையும் திருப்பி அனுப்பியிருக்கிறது, சிவப்பு ஃபில்டரும் அதை உள்ளே விட்டிருக்கிறது. இது வெளியே தெரிய நூறு வருடம் ஆனது. கண்ணுக்கே தெரியாத ஒளியில் பதிவான தாள் அது. சிவப்பு விளக்கின் முன்னால் வைத்ததும் சிவப்பாகத் தெரிந்தது.

செயற்கைக்கோள் படங்களில் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். 2013-இல் ஏவிய லேண்ட்சாட் 8-இல் 4, 3, 2 ஆகிய பட்டைகள் முறையே சிவப்பு, பச்சை, நீலம். அந்த வரிசையில் கம்பைன் செய்தால் கண்ணால் பார்ப்பது போன்ற படம் வரும். 5, 4, 3 என்று கொடுத்தால் அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளி சிவப்பு இடத்தில் அமரும். செழிப்பான பயிர் அந்த ஒளியை அதிகம் திருப்பி அனுப்புவதால் வயல்கள் ரத்தச் சிவப்பாகத் தெரியும். ஆனால் இமேஜ்மேஜிக் அந்தக் கோப்பிலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகை விவரங்களைத் தூக்கிப் போட்டுவிடும். வரைபடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இட விவரங்களைக் காக்கும் ஜிடால் என்ற வரைபடக் கருவிகளைப் பயன்படுத்துங்கள்.

கருவி மேலேயே சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. நல்ல வண்ணப் படம் ஒன்றை எடுத்து, மேஜிக் அசல்.பிஎன்ஜி -சேனல் ஆர்ஜிபி -செப்பரேட் துண்டு-%டி.பிஎன்ஜி என்று பிரியுங்கள். கிடைக்கும் மூன்று சாம்பல் படங்களையும் கம்பைன் செய்து நகல்.பிஎன்ஜி ஆக்குங்கள். பிறகு மேஜிக் கம்பேர் -மெட்ரிக் ஏஇ அசல்.பிஎன்ஜி நகல்.பிஎன்ஜி நல்: என்று கேளுங்கள். பூஜ்யம் வந்தால் ஒரு பிக்சல்கூட மாறவில்லை. ஆறாம் பதிப்பின் சில வெளியீடுகளில் இந்தச் சோதனையில் நிறம் லேசாக மாறி வரும். சாம்பல் படங்களை எந்த வர்ண அளவுகோலில் வாசிப்பது என்பதில் அப்போது குழப்பம் இருந்தது. அங்கே -கம்பைனுக்குப் பின்னால் -செட் கலர்ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி என்று சேர்க்க வேண்டும். -செட் போட்டால் பெயர்ப்பலகை மட்டும் மாறும். -செட் இல்லாமல் -கலர்ஸ்பேஸ் என்று மட்டும் கொடுத்தால் எண்களையே மாற்றிவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, நான்காவது சேனல். மூன்று கோப்புகளுக்குப் பின்னால் நான்காவதாக ஒரு சாம்பல் படம் கொடுத்து, கம்பைனுக்கு முன் -சேனல் ஆர்ஜிபிஏ என்று சொன்னால் அது ஆல்ஃபா இடத்தில், அதாவது எந்தப் பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் இடத்தில், அமரும். ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. முதலில் வண்ணப் படத்தைச் சரியாக முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம்:

மேஜிக் வண்ணம்.பிஎன்ஜி மாஸ்க்.பிஎன்ஜி -ஆல்ஃபா ஆஃப் -கம்போஸ் காப்பிஒபாசிட்டி -கம்போசிட் முடிவு.பிஎன்ஜி

மாஸ்க் படத்தில் வெள்ளையாக இருக்கும் இடம் தெரியும், கறுப்பாக இருக்கும் இடம் மறையும், சாம்பல் அரைகுறையாகத் தெரியும். தலைகீழாக வந்தால் மாஸ்க்குக்கு -நெகேட் போடுங்கள். செல் படங்களுக்குத் தனியாக மாஸ்க் வரைய வேண்டியதில்லை. மூன்று சாம்பல் படங்களையும் -எவால்யுவேட்-சீக்வென்ஸ் மேக்ஸ் கொண்டு ஒன்றாக்கி, -த்ரெஷோல்ட் 5% என்று கொடுத்தால் ஏதாவது ஒரு சாயம் ஒளிரும் இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். 12 பிட் படமென்றால் த்ரெஷோல்டுக்கு முன்னால் அந்த 16 மடங்குப் பெருக்கலைச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லாமே கறுப்பாகப் போகும். ஐந்து என்பது தொடக்கத்துக்கு மட்டும்தான், உங்கள் பின்னணி இரைச்சலைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம், அதில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. பிஎன்ஜி அல்லது டிஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.